அம்பத்தூரிலிருந்து மேற்கே மிதித்தால் எங்கெல்லாம் போகலாம், தெரியுமா?

சென்னையில் சைக்கிள் மிதிக்கிறவர்களிடம் ‘ஞாயிற்றுக்கிழமை ரைடு எங்கே?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘ஈ.சி.ஆர்.தான், வேறெங்கே!’ என்று பதில் வரும். கடலோரச் சாலையின் அழகை யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் குடியிருப்பவர்கள், விடியற்காலையில் நகரத்தைக் குறுக்கே வெட்டிக் கடலைத் தேடிப் போக வேண்டிய அவசியமே இல்லை, தெரியுமா? மேற்கே திரும்புங்கள்! சென்னை குடிக்கிற தண்ணீர் அங்கே இருக்கிறது. பெரியபுராணம் பாடியவர் பிறந்த ஊர் இருக்கிறது. சோழ இளவரசன் ஒருவன் யானை மேலிருந்தபடியே உயிர்விட்ட களம் இருக்கிறது. சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் ஆதிமனிதக் கை செதுக்கிய கல் கிடைத்த ஓடைக்கரை இருக்கிறது. அத்தனையும் இரண்டு சக்கரத்துக்கு எட்டுகிற தூரத்தில்!

முதலில், நீங்கள் உட்கார்ந்திருக்கிற வண்டியையே எடுத்துக்கொள்வோம். ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., ஃபிலிப்ஸ். இந்தப் பெயர்களைச் சொன்னால் தமிழ்நாட்டில் எந்த வீட்டிலும் ஒரு தாத்தாவோ அப்பாவோ நினைவுக்கு வருவார். அந்த வண்டிகளின் தாய்வீடு அம்பத்தூர்! 1949-இல் முருகப்பா குழுமம், இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் ஆஃப் இந்தியாவைத் தொடங்கியது. அந்த ஆங்கிலேய நிறுவனத்தின் தலைவர் பெயர் சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டு. அம்பத்தூர்க்காரர்கள் ‘ஸ்டெட்ஃபோர்டு ஆஸ்பத்திரி’ என்று சொல்லிக்கொண்டே கடந்துபோகிறார்களே, அது அந்த சைக்கிள் கூட்டாளியின் பெயர்தான்!

வண்டி மட்டுமா? அதன் சட்டத்துக்கு வேண்டிய எஃகுக் குழாய் செய்ய, 1955-இல் டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா ஆவடியில் வந்தது. 1960-இல் அம்பத்தூரில் டி.ஐ. டைமண்ட் செயின் வந்தது. அதற்கு ஓராண்டு முன்பே, 1959-இல், டன்லப் டயர் ஆலை அம்பத்தூருக்கு வந்துவிட்டது. குழாய், செயின், டயர் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆலை, எல்லாம் சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள்! காற்றடைத்த டயரை உலகுக்குக் கொடுத்த ஜான் பாய்ட் டன்லப் ஒரு கால்நடை மருத்துவர். பெல்ஃபாஸ்ட் நகரத்தில் 1888-ஆம் ஆண்டு, தன் மகனின் மூன்று சக்கர வண்டி கல்தரையில் குலுங்காமல் ஓடட்டும் என்று செய்து பார்த்ததுதான் அது. ஒரு தகப்பனின் அந்த அக்கறையின் மேல்தான் இன்று நாம் அத்தனை பேரும் உருண்டுகொண்டிருக்கிறோம்.

பி.எஸ்.ஏ. முதலில் ஒரு துப்பாக்கிக் கம்பெனி என்பது தெரியுமா? பர்மிங்ஹாமில் ராணுவத்துக்குத் துப்பாக்கி செய்துகொண்டிருந்தவர்கள் பிறகு சைக்கிளுக்கும் வந்தார்கள். ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகள்தான் அவர்களின் சின்னம். அந்தப் பெயரில் சைக்கிள் செய்த அம்பத்தூருக்குப் பக்கத்து ஊரான ஆவடியில், 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. 1965-இல் ‘விஜயந்தா’ டாங்கி அங்கிருந்து வெளியே வந்தது. பிறகு ‘அர்ஜுன்’ வரைக்கும் அந்த வரிசை நீண்டது. டாங்கியும் சைக்கிளும் அக்கம்பக்கத்து ஊர்களில் பிறந்த கதை, நாட்டில் வேறெங்கே கிடைக்கும்?

இந்த இரண்டு ஊரையும் கோத்துப் போகிறது சி.டி.எச். ரோடு. பாடியில் தொடங்கி அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர், செவ்வாப்பேட்டை தாண்டித் திருவள்ளூருக்குப் போகும் சாலை. பெரும்பாலும் தண்டவாளம் துணைக்கு வந்துகொண்டே இருக்கும். அது சாதாரணத் தண்டவாளம் இல்லை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில், 1856 ஜூலை 1-ஆம் தேதி, ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது இந்தத் தடத்தில்தான்! விடிகாலையில் அரக்கோணம் பக்கம் போகும் மின்ரயிலோடு கொஞ்ச தூரம் போட்டி போட்டு மிதிக்கிற இளவட்டங்களை ஆவடிக்கு அந்தப் பக்கம் பார்க்கலாம். ரயில்தான் ஜெயிக்கும். ஆனாலும் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் அது நிற்பதால் மறுபடி மறுபடி பிடித்துவிடலாம்.

ஆவடியை வெறும் ராணுவ ஊர் என்று தாண்டிப் போய்விடாதீர்கள். 1955 ஜனவரியில் இந்திய தேசிய காங்கிரஸின் 60-ஆவது மாநாடு இங்கேதான் கூடியது. யு.என். தேபர் தலைமையில், சோஷலிசப் பாணிச் சமுதாயமே நாட்டின் குறிக்கோள் என்று தீர்மானம் போட்ட மாநாடு அது. மாநாட்டுத் திடலுக்கு வைத்த பெயர் சத்தியமூர்த்தி நகர். இந்தச் சத்தியமூர்த்தியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அவரை வழியில் மறுபடி சந்திக்கப்போகிறோம்.

இப்போது வெளிவட்டச் சாலை. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 60 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் ஆறுவழிப் பாதை. வண்டலூர் முதல் நெமிலிச்சேரி வரையிலான பகுதி 2014-இலும், அங்கிருந்து மீஞ்சூர் வரை 2021-இலும் திறக்கப்பட்டது. ரேஸ் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சாலை ஒரு வரம். சிக்னல் இல்லை, நல்ல தார், நேர்கோடு. வேகத்துக்காக அங்கே போகிறவர்கள் பலர். அதே சாலை இரண்டு அற்புதமான ஊர்களை இணைக்கிறது என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

தெற்கே குன்றத்தூர். பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர்! சோழ அரசில் அமைச்சராக இருந்தவர், அறுபத்து மூன்று நாயன்மார்களின் வரலாற்றைப் பாட்டாகக் கட்டினார். அந்த ஊரில் அவர் எழுப்பிய திருநாகேஸ்வரம் கோயில் இன்றும் இருக்கிறது. பக்கத்திலேயே குன்றின் மேல் முருகன். அங்கிருந்து வெளிவட்டச் சாலையில் ஏறி வடக்கே மிதித்தால், சுமார் 20 கிலோமீட்டரில் திருநின்றவூர். அங்கே யார்? சேக்கிழாரின் காவியத்தில் வருகிற பூசலார் நாயனார்!

பூசலாரின் கதையை எத்தனை முறை கேட்டாலும் சிலிர்க்கும். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசை, கையில் காசில்லை. கல்லையும் மரத்தையும் சிற்பியையும் மனதுக்குள்ளேயே சேர்த்தார். நாள் பார்த்து மனதுக்குள்ளேயே அஸ்திவாரம் போட்டார், தூங்காமல் மனதுக்குள்ளேயே விமானம் எழுப்பினார், கிணறு வெட்டினார், குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். அதே நாளில்தான் காஞ்சியில் பல்லவ மன்னன் நிஜக் கல்லில் எழுப்பிய கோயிலுக்கும் குடமுழுக்கு. முந்தின இரவு மன்னன் கனவில் இறைவன் வந்து, ‘நாளை நான் நின்றவூர்ப் பூசலின் கோயிலில் இருக்க வேண்டும், நீ வேறு நாள் பார்’ என்று சொல்லிவிட்டார்! மன்னன் ஓடி வந்து ஊர் முழுக்கத் தேடினால் அப்படி ஒரு கோயிலே இல்லை. கடைசியில் பூசலாரைக் கண்டுபிடித்து, விஷயம் தெரிந்து, காலில் விழுந்தான். அந்த மன்னன் ராஜசிம்மன், அந்தக் கற்கோயில் காஞ்சி கைலாசநாதர் கோயில் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. இன்று திருநின்றவூரில் இருதயாலீஸ்வரர் என்ற பெயரில் கல்லிலேயே கோயில் நிற்கிறது. சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே போனால், கருவறையில் பூசலாரும் இருப்பார். அதே ஊரில் பக்தவத்சலப் பெருமாள் கோயிலும் உண்டு, 108 திவ்ய தேசங்களில் ஒன்று.

எழுதியவர் ஊரிலிருந்து எழுதப்பட்டவர் ஊருக்கு ஒரு மணி நேர மிதி! நடுவில் கொஞ்சம் கிழக்கே ஒதுங்கினால் திருவேற்காடு, அதாவது மூர்க்க நாயனார் ஊர். சூதாடி ஜெயித்த பணத்தில் அடியார்களுக்குச் சோறு போட்டவர் அவர். கருமாரியம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் இவரைத் தேடுகிறவர்கள் குறைவு. வேதபுரீஸ்வரர் கோயிலில் இவரைப் பார்க்கலாம். இந்தப் பாதையைச் சென்னை சைக்கிள்காரர்கள் அத்தனை பேரும் ஒரு தடவையாவது ஓட்ட வேண்டும் என்பது என் தீராத ஆசை.

ஒன்று மட்டும் கவனம். வெளிவட்டச் சாலையில் இருட்டு விலகும் முன், ஓரத்தில் விளக்கில்லாமல் லாரிகள் நிற்கும். முன்னும் பின்னும் விளக்கு, ஹெல்மெட், வெளிச்சத்தைத் திருப்பிக் காட்டும் உடுப்பு இல்லாமல் அங்கே போகவே கூடாது. குடும்பத்தோடு, பிள்ளைகளோடு போகிறவர்களுக்குப் பக்கவாட்டுச் சர்வீஸ் ரோடே போதும்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் சைக்கிளைப் பற்றிப் பேச முடியாது. இங்கே மலை கிடையாது. பட்டாபிராம் மேம்பாலமும் பாடி மேம்பாலமும்தான் நமக்குக் கிடைத்த மலைகள். மலை செய்கிற வேலையை இங்கே காற்று செய்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காலத்தில், விடிகாலையில் காற்று மேற்கிலிருந்து வரும். ஆவடியிலிருந்து திருவள்ளூர் போகும்போது நெஞ்சில் மோதும், திரும்பும்போது முதுகைத் தள்ளும். உடம்பில் தெம்பு இருக்கும்போது கஷ்டம், களைத்தபோது உதவி. இதைவிட நல்ல ஏற்பாடு உண்டா? நவம்பர் முதல் ஜனவரி வரை கதை தலைகீழ். வடகிழக்குக் காற்று போகும்போது தூக்கிக்கொண்டு போகும், திரும்பும்போது பழிவாங்கும். அந்த மாதங்களில் அனுபவசாலிகள் முதலில் வடக்கே, தாமரைப்பாக்கம் பக்கம் ஏறிவிட்டு, பிறகு சுற்றி வருவார்கள். எதிர்க்காற்றில் ஒருவர் சக்கரத்துக்குப் பின்னால் இன்னொருவர் ஒட்டி வந்தால், பின்னால் வருகிறவருக்குக் கால்பங்குக்கு மேல் உழைப்பு மிச்சம். முன்னால் போகிறவரை மாற்றி மாற்றி விட்டால் கூட்டமே தேறும்.

வெயில்? கடற்காற்று கடற்கரையைத் தொட்டுவிட்டுத்தான் அம்பத்தூருக்கு வரும், அதனால் இங்கே வெப்பம் இறங்கத் தாமதமாகும். மீனம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. அதைவிட உள்நாட்டுப் பக்கம் நிழலில்லாத தார்ச்சாலையில் என்ன பாடு என்று நினைத்துப் பாருங்கள். சித்திரை, வைகாசியில் நாலரைக்குக் கிளம்பி எட்டரைக்குள் வீட்டில் இருப்பதுதான் புத்திசாலித்தனம். ஆவணி மாலைகளில் இன்னொரு விசேஷம். உள்ளே நுழையும் கடற்காற்று மேற்குக் காற்றோடு மோதி, இதே ஆவடி, பூந்தமல்லி வானத்தில்தான் இடிமேகமாக எழும்பும். மாலை ரைடுக்காரர்கள் மேற்கே கறுத்தால் உடனே வண்டியைத் திருப்பிவிட வேண்டும்.

சென்னைக்குக் குடிநீர் கொடுக்கிற செம்பரம்பாக்கம், பூண்டி, சோழவரம், புழல் நான்கையும் ஒரே சுற்றில் பார்த்துவிடலாம், தெரியுமா? பூந்தமல்லியில் தொடங்கி, திருமழிசை, மணவாளநகர், திருவள்ளூர், பூண்டி, தாமரைப்பாக்கம், சோழவரம், செங்குன்றம், அம்பத்தூர் என்று வட்டமடித்து வந்தால் தூரம் 100 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். சைக்கிள்காரர்கள் பாஷையில் ஒரு ‘செஞ்சுரி’!

செம்பரம்பாக்கம் முழுசாக நிரம்பினால் நீர்மட்டம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் தொடக்கத்தில் இங்கிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டதையும் அடையாற்றுக் கரைகள் பட்ட பாட்டையும் இந்த ஊர் மறக்காது. மழைக்காலத்தில் கரை மேல் ஏற முயலாமல் சாலையிலிருந்தே பார்த்துவிட்டு நகருங்கள். சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு. பிற்காலத்தில் அதிலேதான் சென்னையின் புகழ்பெற்ற கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் நடந்தன. பிறகு 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத்தடம் வந்தது. அதுவும் பூந்தமல்லியிலிருந்து பக்கம்தான்.

நான்கிலும் மனதைப் பிடித்து நிறுத்துவது பூண்டி. ஆவடியிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே இந்த நீர்த்தேக்கம் வர வேண்டும் என்று, சென்னை மேயராக இருந்தபோது பாடுபட்டவர் தீரர் சத்தியமூர்த்தி. ஆம், ஆவடி மாநாட்டுத் திடலின் பெயர் தாங்கிய அதே சத்தியமூர்த்தி! 1940-இல் அடிக்கல் நாட்டினார்கள். 1944-இல் நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. ஆனால் 1943 மார்ச்சிலேயே அவர் காலமாகிவிட்டார். நகரத்தின் தாகம் தீர்க்கத் தான் கனவு கண்ட தண்ணீரை அவர் கண்ணால் பார்க்கவே இல்லை. சத்தியமூர்த்தி சாகர் என்ற பெயர்ப்பலகை முன்னால் நிற்கும்போது இதை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. அங்கே சுடச்சுட மீன் வறுத்துத் தருவார்கள், காலை ஒன்பது மணிக்கு மேல் போனால் கிடைக்கும்.

பூண்டியிலேயே தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது, 1985-இல் தொடங்கியது. சின்னக் கட்டடம்தான். உள்ளே இருப்பதோ உலகமே திரும்பிப் பார்த்த சமாச்சாரம்! 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற புவியியலாளர். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதல் சான்று அது. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் பூண்டிக்குப் பக்கத்தில் அதிரம்பாக்கம் ஓடைக்கரைக்கு வந்தார்கள். அங்கே கற்கோடரிகள் கொட்டிக் கிடந்தன! கதை அதோடு முடியவில்லை. ஏறக்குறைய 150 ஆண்டுகள் கழித்து, சாந்தி பப்புவும் அவரது குழுவினரும் அங்கே தோண்டி, மண்ணடுக்குகளின் வயதைக் கணித்து, 2011-இல் வெளியிட்டார்கள். பழைய அடுக்கின் கருவிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள்! 2018-இல் இன்னொரு ஆய்வு. மேலடுக்கில், அடுத்த கட்டத் தொழில்நுட்பத்தில் செய்த கருவிகள் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே வந்துவிட்டன என்று காட்டியது. தெற்காசிய மனித வரலாற்றையே திருத்தி எழுத வைத்த இடம், அம்பத்தூரிலிருந்து ஒரு காலைப்பொழுதில் போய் வரும் தூரம். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் வீட்டில் உட்கார்ந்திருக்க மனம் வருமா? பக்கத்துக் குடியம் குகைகளுக்குப் போக வேண்டுமானால் ஊரில் சைக்கிளை விட்டுவிட்டு முள்காட்டுப் பாதையில் நடக்க வேண்டும். ஒற்றை ஆளாகப் போகாதீர்கள், தண்ணீர் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள், ஒரு கல்லைக்கூடப் பொறுக்கிக்கொண்டு வராதீர்கள்.

பூந்தமல்லிக்காரர்களுக்கு வேறு ஒரு பெருமை. திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர் அது. பூந்தமல்லியில் நந்தவனம் வைத்து, அங்கே பூத்த பூவைச் சுமந்துகொண்டு காஞ்சி வரதராஜப் பெருமாளுக்கு நடந்தே போனவர், பெருமாளுக்கு ஆலவட்டம் வீசியவர் என்று வைணவ மரபு சொல்கிறது. அந்தத் தூரம் இன்றைய சாலையில் ஏறத்தாழ 55 கிலோமீட்டர். கியர் வைத்த வண்டியில் போய்த் திரும்பினாலே நமக்கு மூச்சு வாங்குகிறது, அவர் பூக்கூடையோடு நடந்திருக்கிறார்! வழியில் திருமழிசை, திருமழிசையாழ்வார் பிறந்த ஊர். அடுத்து ஸ்ரீபெரும்புதூர், 1017-இல் ராமானுஜர் அவதரித்த ஊர். அதே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரப் பாறைகளில் கடல் உயிரினங்களின் தொல்லெச்சங்கள் கிடைத்திருக்கின்றன என்பது தெரியுமா? 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு கடல் அங்கே வரை இருந்தது! கடலோரச் சாலைக்குப் போகவில்லையே என்று ஏங்கவே வேண்டாம். பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரிப் போக்குவரத்து அதிகம், அதனால் ஞாயிறு விடியலைத் தவிர வேறு நேரத்தில் இந்த ரைடை நான் பரிந்துரைக்க மாட்டேன். காஞ்சியில் கோயில் இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்புங்கள்.

பேரம்பாக்கம் வழியே இன்னும் மேற்கே போகும் கால் பலம் உள்ளவர்களுக்கு இரண்டு போர்க்களங்கள். ஒன்று தக்கோலம். 949-இல் ராஷ்டிரகூடன் மூன்றாம் கிருஷ்ணனின் படையோடு மோதிய சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மேலிருந்தபடியே வீழ்ந்தான். இன்னொன்று புள்ளலூர். 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை அங்கே நொறுக்கினார்கள். மைசூர்ப் படையின் ராக்கெட்டுகள் சீறிய களம் அது. அதற்கு ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் முன்பு பல்லவன் மகேந்திரவர்மன் பகைவரை வென்றதாகச் செப்பேடு சொல்வதும் இதே புள்ளலூரைத்தான். இப்போது வயலும் பனையும்தான்.

இப்படிச் சுற்றிப் பழகியவர்கள் அடுத்து எங்கே போவார்கள்? மெட்ராஸ் ராண்டனர்ஸ் நடத்தும் நெடுந்தூர ரைடுகளுக்கு! 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும், 300-க்கு 20 மணி, 400-க்கு 27, 600-க்கு 40. போட்டி கிடையாது, முதல் இடம் கிடையாது. நேரத்துக்குள் முடித்த அத்தனை பேரும் சமம். இந்த ஏணியின் உச்சியில் இருப்பது 1891-இல் தொடங்கிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ், 1,200 கிலோமீட்டர், 90 மணி நேரம். அதற்கான கால்களைச் சி.டி.எச். ரோட்டிலேயே தேற்றிக்கொள்ளலாம்.

அது வரைக்கும் வேண்டாம், ஒரே காலையில் வேற்று மாநிலம் போய் வர வேண்டும் என்கிறவர்களுக்கு ஊத்துக்கோட்டைச் சாலை இருக்கிறது. ஆவடியிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர். ஊத்துக்கோட்டையைத் தாண்டியதும் ஆந்திரம், உடனே சுருட்டப்பள்ளி. ஆலகால விஷம் உண்ட களைப்பில் அம்பிகையின் மடியில் தலைவைத்துப் பள்ளிகொண்ட சிவனை அங்கே பார்க்கலாம். பெருமாள் படுத்திருப்பதைத்தான் பார்த்திருக்கிறோம், சிவன் படுத்திருக்கும் கோலம் அபூர்வத்திலும் அபூர்வம்! கண்டலேறு அணையிலிருந்து 177 கிலோமீட்டர் கால்வாயில் ஓடி வரும் கிருஷ்ணா நீர் தமிழ்நாட்டுக்குள் நுழைகிற ‘ஜீரோ பாயிண்ட்’டும் ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்தில்தான். 1996-இல் அந்த நீர் முதன்முதலாகப் பூண்டிக்கு வந்து சேர்ந்தது. திரும்பும்போது பூண்டி வழியாக வந்தால் தண்ணீர் போகிற திசையிலேயே நீங்களும் வரலாம். டீக்கடைகள் ஊத்துக்கோட்டையில் நாலரை, ஐந்துக்கே திறந்துவிடும். இடையில் கடைகள் குறைவு, ஆகவே இரண்டு பாட்டில் தண்ணீரும் ஒரு மாற்று டியூபும் இல்லாமல் கிளம்பாதீர்கள்.